எஜமானுக்கு நட்டஈடு

விடுதலையை யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை. கொடுத்ததாகத்தான் எஜமானர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஹைத்தியின் கதையைப் படிக்கிறவர்களுக்கு இந்தப் பொய் விளங்கிவிடும்.

கரீபியன் கடலில் பிரான்சின் காலனியாக இருந்தபோது அதன் பெயர் சான் டொமாங். சுமார் 5 லட்சம் கறுப்பின அடிமைகள். வெள்ளையர்கள் 30 ஆயிரம் அளவில். ஐரோப்பா குடித்த காபியில் பாதிக்கு மேல் அங்கே விளைந்தது. கரும்புக் காட்டில் செத்தவர்களின் இடத்தை நிரப்ப ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் பிடித்து வந்தார்கள். 1789இல் பாரீசில் மனித உரிமைப் பிரகடனம் வந்தது. தோட்டத்தில் சாட்டை நிற்கலை. அந்த 'மனிதனில்' அடிமை சேர்த்தியில்லை.

1791 ஆகஸ்டு 22 இரவு வடக்குச் சமவெளி பற்றி எரிந்தது. முன்னின்றவர்களில் ஒருவரான பூக்மனைக் கொன்று, தலையை வெட்டி ஊர் பார்க்க வைத்தார்கள். கலகம் அடங்கவில்லை. 1793இல் காலனி ஆணையர் சொந்தோனாவும், 1794இல் பாரீஸ் மன்றமும் அடிமைமுறை ஒழிந்தது என்று அறிவித்தனர். கருணையா? கலகமும் அந்நியப் படைகளும் சூழ்ந்த நேரத்தில் காலனியைக் காப்பாற்ற அடிமைகளின் துப்பாக்கி தேவைப்பட்டது, அவ்வளவுதான். 1802இல் நெப்போலியனின் படை மறுபடியும் சங்கிலியோடு வந்து இறங்கியது. துஸ்ஸேன் லூவெர்த்தூரை வஞ்சகமாகப் பிடித்துக்கொண்டுபோய், பிரான்சின் குளிர்ச் சிறையில் 1803இல் சாகவிட்டார்கள். கலகப் படையில் அதிகாரியாக இருந்த சானித் பெலேர் என்ற பெண்ணை 1802இல் சுட்டுக் கொன்றார்கள். ஆனாலும் 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படை தோற்றது. 1804 சனவரி 1இல் தெஸ்ஸாலின் தலைமையில் ஹைத்தி தனிநாடு. அடிமைகளின் கலகம் ஒரு நாட்டையே உருவாக்கியது வரலாற்றில் இது ஒன்றுதான்.

1805 அரசியல் சட்டம் இன்னொன்றும் செய்தது. ஹைத்தியர் எந்த நிறமானாலும் 'கறுப்பர்' என்றே அழைக்கப்படுவர் என்றது. கலகக்காரர் பக்கம் வந்துவிட்ட போலந்துச் சிப்பாய்களுக்கும் அதே பெயர்தான். எது வசவாக இருந்ததோ அதையே குடியுரிமையின் பெயராக்கினார்கள். தோழர்களே, இதன் அர்த்தம் நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் எஜமானன் கணக்கை மூடவில்லை. 1825இல் பிரெஞ்சு மன்னன் 10ஆம் சார்லஸ் 14 போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் கேட்டான். எதற்கு? நிலத்தையும் அடிமைகளையும் 'இழந்த' தோட்ட முதலாளிகளுக்கு நட்டஈடு! பரந்து கிடந்த லூசியானா முழுவதையும் 1803இல் அமெரிக்காவுக்கு பிரான்ஸ் விற்ற விலையே 8 கோடி பிராங்க்தான். முதல் தவணை கட்ட பாரீஸ் வங்கிகளிடமே 3 கோடி கடன். அதிலே 60 லட்சத்தைக் கமிஷனாகப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள். 1838இல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். கடனை அடைக்கக் கடன் என்று அது 1947 வரை இழுத்தது. நடுவில் 1914இல் அமெரிக்கச் சிப்பாய்கள் ஹைத்தி தேசிய வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை நியூயார்க்குக்கு அள்ளிப்போனார்கள். அடுத்த ஆண்டே நாட்டையும் பிடித்து 1934 வரை ஆண்டார்கள்.

கடன் யார் தலையில் விழுந்தது? காபி விளைவித்த குடியானவன் தலையில். அதிபர் புவாயே 1826இல் கொண்டுவந்த கிராமச் சட்டம் அவனைத் தோட்டத்தோடு கட்டிப்போடப் பார்த்தது. இதன் விதை முன்னமே உண்டு. துஸ்ஸேனே விடுதலை பெற்றவர்களைத் தோட்ட வேலைக்குத் திரும்பச் சொல்லி ஆணையிட்டார். அதை எதிர்த்து 1801இல் எழுந்த கலகத்துக்காகத் தன் சுவீகார உறவான தளபதி மொய்ஸையே சுட உத்தரவிட்டார். ஜனங்கள் கேட்டது சொந்தமாய் ஒரு துண்டு நிலம். தலைவர்கள் கேட்டது ஏற்றுமதி. நம் தலைவர்களைத் தொழுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்டிப் பார்க்கணும்.

2003இல் அதிபர் அரிஸ்டைட் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடு என்று பிரான்சிடம் கேட்டார். 2004இல் அவர் பதவியில் இல்லை. 2025 ஏப்ரலில், 200 ஆண்டு கழித்து, இரு நாட்டு வரலாற்றாளர் குழு அமைப்பதாக பிரான்ஸ் அறிவித்தது. ஆராயட்டும். ஆனால் கேள்வி எளிமையானது: சாட்டை பிடித்தவனுக்கு நட்டஈடு கிடைத்தது, முதுகு கிழிந்தவனுக்கு எங்கே?

இனி யாராவது 'ஹைத்தி ஏழை நாடு' என்று சொன்னால், ஏழையாக்கியது யார் என்று திருப்பிக் கேளுங்கள்.