ஆறு சிவப்பும் ஒரு பிற்பகலும்

2022-ஆம் ஆண்டு உலக ஆறு-சிவப்பு ஸ்னூக்கர் போட்டி கோலாலம்பூரில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ஹபீப் சுபாவை வென்று பட்டம் பெற்றவர் சென்னைக்காரரான ஸ்ரீகிருஷ்ணா சூரியநாராயணன். அதே ஆண்டு அக்டோபரில், இதே நகரில், பங்கஜ் அத்வானி உலக பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். அது அவருடைய 25-ஆவது உலகப் பட்டம். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளில் கால்பந்து முடிவுகள் நள்ளிரவு வரை அலசப்படுகின்றன. அந்த மேசைகளில் ஸ்ரீகிருஷ்ணாவின் பெயருக்கும் இடம் கிடைத்திருக்க வேண்டும்.

ஆட்டம் எளிமையானது. வழக்கமான ஸ்னூக்கரில் 15 சிவப்புப் பந்துகள், இதில் 6. நிறப் பந்துகள் ஆறும் அப்படியே இருக்கும். சிவப்பு ஒன்று, பிறகு நிறம் ஒன்று என்ற வரிசையும் மாறாது. மேசையும் அதே பன்னிரண்டடி மேசைதான். மாறுவது கணக்கு. முழு ஆட்டத்தில் ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய அதிகபட்சப் புள்ளி 147. இங்கே அது 75. முழு ஆட்டத்தில் ஒரே வரிசையில் 74 புள்ளி எடுத்தால் எதிராளி எட்ட முடியாத தூரத்துக்கு உறுதியாகப் போகலாம். ஆறு-சிவப்பில் 38 போதும். ஐந்தாறு சிவப்புகளைக் கருப்போடும் இளஞ்சிவப்போடும் சேர்த்துப் போட்டுவிட்டால் பிரேம் எனப்படும் அந்த ஒரு ஆட்டம் முடிந்தது. தவறவிட்டவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இந்தச் சின்ன மாற்றம் ஆட்டத்தின் குணத்தையே மாற்றிவிடுகிறது. பதினைந்து சிவப்பில் பொறுமைசாலி பிழைப்பார். பந்துகளை மறைத்து வைத்து, எதிராளியைச் சோதித்து, அரை மணி நேரம்கூடக் காத்திருக்கலாம். ஆறில் அந்த அவகாசம் கிடையாது. மறைத்து வைப்பதிலேயே காலம் கழியாதிருக்க ஒரு விதியும் உண்டு. ஒரே முறையில் ஐந்து தடவை தொடர்ந்து 'மிஸ்' (அடிக்க வேண்டிய பந்தைத் தொடப் போதிய முயற்சி இல்லை) என நடுவர் அறிவித்தால், எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் தான் விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். அனுபவத்துக்கு உள்ள மதிப்பை இந்த வடிவம் குறைப்பதில்லை. ஆனால் துணிச்சலுக்கு ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது.

தொழில்முறை வீரர்களை அழைத்து நடத்தப்பட்ட பாங்காக் போட்டியே இதற்குச் சாட்சி. 2008-இல் அது தொடங்கியபோது முதல் பட்டத்தை ரிக்கி வால்டன், ஸ்டூவர்ட் பிங்காமை 8-5 என வீழ்த்திப் பெற்றார். தரவரிசைப் புள்ளி எதுவும் கிடையாது, அழைப்பின் பேரில் ஆடும் போட்டிதான். ஆனாலும் மார்க் செல்பி, டிங் ஜுன்ஹுய், மார்க் வில்லியம்ஸ், கைரன் வில்சன் ஆகியோர் வென்றவர் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தப் பெரிய பெயர்களைவிட மார்க் டேவிஸின் கதைதான் மனத்தைத் தொடுகிறது. தரவரிசைப் போட்டி ஒன்றைக்கூட வெல்லாத அவர் 2009, 2012, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் ஆறு-சிவப்பு உலகப் பட்டத்தை வென்றார். 2009 போட்டி மட்டும் அயர்லாந்தில் நடந்தது. 2015-இல் தாய்லாந்தின் தெப்சையா உன்-நூ, சொந்த மண்ணில், லியாங் வென்போவை 8-2 என்று வென்றார். மின்னலாக ஆடுபவர் அவர். தரவரிசைப் போட்டியில் அவருக்கு முதல் வெற்றி கிடைத்தது 2019-இல்தான், அதுவும் பத்து நிமிடத்தில் ஒரு பிரேம் முடியும் 'ஷூட் அவுட்' போட்டியில்.

ஸ்ரீகிருஷ்ணா வென்ற அமெச்சூர் உலக ஆறு-சிவப்புப் பட்டத்தை அத்வானி 2014-இலும் 2015-இலும் அடுத்தடுத்து வென்றிருந்தார். இரண்டாவது வெற்றி கராச்சியில், பதினைந்து வயதுச் சீனச் சிறுவன் யான் பிங்தாவோவுக்கு எதிராக. ஓர் இந்தியர் பாகிஸ்தானில் உலகப் பட்டம் வாங்குவது எவ்வளவு அரிது என்பதை விளக்கத் தேவையில்லை.

ஸ்னூக்கரின் வேர்களில் ஒன்று தமிழ் மண்ணிலேயே இருக்கிறது. 1875-இல் ஜபல்பூரில் இளம் ராணுவ அதிகாரி நெவில் சேம்பர்லின் தொடங்கிய ஆட்டத்துக்கு, 1882-இல் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து இங்கே கோலாலம்பூரில் சிலாங்கூர் கிளப் பிறந்தது. பத்துமலைக் கோயிலை நிறுவிய தம்புசாமிப் பிள்ளை போன்ற செல்வர்களால் அதில் இடம் பெற முடிந்தது. ரயில்வேயில் வேலை பார்த்துப் பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழர்களுக்கு அத்தகைய கிளப் மேசைகள் வெகு தூரத்தில் இருந்தன.

இப்போது மேசை தெருவுக்கே வந்துவிட்டது. கிள்ளான், ஷா ஆலம், பூச்சோங் எங்கும் கடை வரிசைகளின் மாடிகளில் ஸ்னூக்கர் மையங்கள் இருக்கின்றன. மணிக் கணக்கில் வாடகை. பள்ளிச் சீருடையில் வருவோருக்கு அனுமதியில்லை என்ற அறிவிப்பு பல வாசல்களில் தொங்கும். சிகரெட் புகை, பந்தயம், பள்ளிக்கு மட்டம் போடும் பிள்ளைகள் என்ற பழைய பயம் பெற்றோருக்கு இன்னும் இருக்கிறது. "அங்கெல்லாம் போகக் கூடாதுப்பா" என்ற அப்பாவின் ஒற்றை வரியோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கையில் திறமையுள்ள ஒரு பிள்ளை ஒழுங்கான இடத்தில் ஆட வழியில்லாமல் போவது இழப்பு. மலேசியரான தோர் சுவான் லியோங் உலகத் தொழில்முறைச் சுற்றில் சில ஆண்டுகள் ஆடியிருக்கிறார். எட்ட முடியாத உயரமில்லை அது.

இங்கேதான் ஆறு-சிவப்பு கைகொடுக்கும். முழு ஸ்னூக்கர் போட்டி நடத்த நேரம் வேண்டும், வாடகை வேண்டும், பார்ப்பவர்களுக்குப் பொறுமை வேண்டும். ஆறு-சிவப்பை ஒரு பிற்பகலில் முடிக்கலாம். பதினாறு பேர், தோற்றவர் வெளியேறும் முறை என்றால் மொத்தம் 15 ஆட்டங்கள். மூன்று பிரேமில் இரண்டை வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போவார் என்று வைத்தால், ஓர் ஆட்டத்துக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம். இரண்டு மேசைகள் இருந்தால் ஆறு மணி நேரத்தில் கோப்பையைக் கொடுத்துவிடலாம். கால்பந்துக்கும் பூப்பந்துக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்கும் இந்தியர் சங்கங்களுக்கு இது பெரிய செலவாகாது. மையத்தின் உரிமையாளரிடம் பேசி, பகல் நேரத்தில், புகையில்லாமல், பெற்றோரும் வந்து உட்கார்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தால் அந்த அப்பாக்களில் சிலராவது மனம் மாறுவார்கள்.

பெண் பிள்ளைகளுக்கான பிரிவு முதல் ஆண்டிலேயே இருக்க வேண்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் 2025 நவம்பரில் தோஹாவில், ஹாங்காங்கின் முன்னாள் உலகச் சாம்பியன் இங் ஒன் யீயை 3-2 என வென்று உலகப் பெண்கள் ஸ்னூக்கர் பட்டத்தை வாங்கினார். அது முழுதாக 15 சிவப்புப் பந்துகளோடு ஆடும் ஆட்டம். கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு பதினாறு வயதுப் பெண் முதலில் ஆறு பந்துகளோடு தொடங்கட்டும். அவளுக்காக மேசையைப் பதிவு செய்வது சங்கத்தின் வேலை.