பருப்பு சாதம் வைக்கத் தெரியாத பையன்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பு முடிக்கும் பையனுக்கு ஒரு குக்கர் பருப்பு சாதம் வைக்கத் தெரியவில்லை என்றால், மார்க் எத்தனை வாங்கியிருந்தாலும் அவன் படிப்பில் ஒரு பாடம் பாக்கி.

நம் ஓசூரில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. இது ஷிப்ட் ஊர். கணவன், மனைவி இருவரும் கம்பெனி பஸ் பிடிக்கும் வீடுகள் எத்தனை! அவளுக்கும் காலை ஷிப்ட்தான், அவனுக்கும் காலை ஷிப்ட்தான். ஆனால் நாலு மணிக்கு எழுந்து அடுப்பு பற்ற வைப்பவள் அவள் மட்டும். 2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பைப் பாருங்கள். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். அந்த வேலையைச் செய்யவே செய்யாத ஆண்கள் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

ரூம் எடுத்துத் தங்கும் பையன்கள் கதை வேறு. இரவு ஷிப்ட் முடிந்தால் பரோட்டா, சம்பள நாளில் பிரியாணி, மாதக் கடைசியில் டீயும் பன்னும். இருபத்தைந்து வயதிலேயே வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை.

இதற்கு மருந்து நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழில் பருப்பு சாதம், தெலுங்கில் பப்பு அன்னம், கன்னடத்தில் பிசிபேளே பாத். பிசி என்றால் சூடு, பேளே என்றால் பருப்பு. மூன்று மொழியும் பேசும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அது பருப்பில் நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் புரதம் முழுமையாகிறது. பாட்டிமார்கள் அமினோ அமிலம் படிக்காமலே இதைச் சமைத்தார்கள்.

செலவும் பெரிதில்லை. ரேஷன் அரிசி இலவசம், பருப்பு கிலோ 30 ரூபாய். துவரம் பருப்புக்குப் பதில் கனடா மஞ்சள் பருப்பு போட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். குழைந்து போகும் பருப்பு இந்தச் சாதத்துக்குக் குறையே இல்லை. பட்டாணிப் பருப்பும் போடலாம், கொஞ்சம் முன்னதாக ஊற வைத்தால் போதும்.

பையன்களே, குறித்துக்கொள்ளுங்கள். அரிசி 1 டம்ளர், பருப்பு அரை டம்ளர், தண்ணீர் 4 டம்ளர். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம், தக்காளி, கறிவேப்பிலை வதக்குங்கள். மஞ்சள் தூள், சாம்பார் பொடி, பெருங்காயம், உப்பு போட்டு, கழுவிய அரிசி பருப்பைச் சேர்த்து நாலு விசில் விடுங்கள். புளி வேண்டுமானால் வெந்த பிறகு கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள். முதலிலேயே ஊற்றினால் பருப்பு வேகாது. போர் தண்ணீரின் உப்பும் அப்படித்தான், பருப்பை விறைக்க வைக்கும். நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால் திறந்த பாத்திரத்தைவிடக் குக்கரே நல்லது. பாருங்கள், ஒரு குக்கருக்குள் இயற்பியலும் வேதியியலும் இருக்கிறது!

"ஆம்பளப் பையன் அடுப்படிக்குப் போறதா?" என்று கேட்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குச் சமைக்கும் மாஸ்டர் ஆண்தான். அங்கே வராத வெட்கம் வீட்டில் மட்டும் ஏனம்மா வருகிறது? நாளை உங்கள் மருமகளும் ஷிப்டுக்குப் போகிறவளாகத்தான் இருப்பாள். அவள் களைத்து வரும்போது ஒரு தட்டு சூடான சாதம் நீட்டத் தெரிந்த மகனை வளர்த்துக் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டு அடுப்பைப் பையனிடம் ஒப்படையுங்கள். சாதம் அடிப்பிடித்தாலும் திட்டாமல் சாப்பிடுங்கள். எப்படி வந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், நான் படிப்பேன்.