மரியாதை வேறு, பயம் வேறு



எங்கள் வகுப்பில் தரம் 8இல் படிக்கும் மாணவன் ஒருவன், பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி எடுப்பதற்காக அம்மாவுடன் டவுனில் உள்ள அலுவலகம் ஒன்றுக்குப் போய் வந்தான். மறுநாள் எங்களிடம் கேட்டான்: "சேர், எல்லாரும் செருப்போடதான் உள்ளுக்குப் போனாங்க. அம்மா மட்டும் ஏன் வாசல்ல கழட்டி வச்சாங்க?" நாற்காலி காலியாக இருந்தும் அம்மா உட்காரவில்லையாம். தன்னைவிட வயதில் குறைந்த உத்தியோகத்தர் "நீ" என்று பேசியபோதும் "சரிங்க ஐயா" என்று சொல்லியபடி நின்றாராம்.

எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அந்த வாரம்தான் அதே வகுப்பில் நல்ல பழக்கவழக்கங்கள் பற்றிப் பாடம் நடத்தியிருந்தோம். பெரியவர்கள் வந்தால் எழுந்து நில், பணிவாகப் பேசு, எதிர்த்துப் பேசாதே என்று கரும்பலகையில் எழுதிப் போட்டோம். அந்தத் தாய் இவற்றையெல்லாம் சரியாகத்தான் செய்திருக்கிறார். எது மரியாதை, எது பயம் என்று பிரித்துக் காட்டாதது எங்கள் தவறு.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. துரை வரும் வழியில் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து ஒதுங்கி நின்ற கதைகளைத் தாத்தாமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நம்மவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்க 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. ஒவ்வொரு காகிதத்துக்கும் கெஞ்சி நின்ற தலைமுறைகளின் பழக்கம் இது. அதற்காக அந்தத் தாயைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அதையே நல்லொழுக்கம் என்று அவர் மகனுக்குக் கற்பிக்கவும் கூடாது.

அப்படியென்றால் மரியாதையே வேண்டாமா? கட்டாயம் வேண்டும். லயத்தில் வாழும் நமக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் இரவில் போனில் பாட்டைக் கூட்டி வைத்தால், அந்தப் பக்கம் விடியற்காலையில் எழும்பிப் பிரட்டுக்குப் போக வேண்டிய அக்கா தூங்க முடியாது. பீலியில் ஒரு பிள்ளை வரிசையை மீறினால் இன்னொரு பிள்ளை பாடசாலைக்குப் பிந்துகிறது. பஸ்ஸில் கர்ப்பிணிக்கு இடம் கொடுப்பதும், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவதும், சப்பாத்து கிழிந்த நண்பனைக் கேலி செய்யாதிருப்பதும் அடுத்தவர் கஷ்டத்தை நினைத்துப் பார்க்கும் பழக்கங்கள். பிள்ளைகள் இவற்றைத்தான் படிக்க வேண்டும்.

துரையின் வாகனத்தைக் கண்டதும் நிமிர்ந்து நின்று வணக்கம் சொல்லும் பிள்ளை, மலசலகூடம் கழுவும் பாட்டிக்கும் அதே போல வணக்கம் சொல்கிறதா என்று கவனியுங்கள். சொல்லவில்லையென்றால் அது படித்தது பயத்தை மட்டுமே.

பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் தாய்மாரை "வாடி, போடி" என்று விரட்டுவதைக் கேட்கிறார்கள். குடித்துவிட்டு வரும் அப்பாவின் பேச்சையும் கேட்கிறார்கள். ஆசிரியர்களாகிய நாங்களும் தப்ப முடியாது. உடல் தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2016இல் சுற்றறிக்கை அனுப்பிய பிறகும் பிரம்பைக் கீழே வைக்காதவர்கள் எங்களுள் உண்டு. அடித்துக்கொண்டே மரியாதையைக் கற்பிக்க முடியாது.

ஆகவே சில காரியங்களைத் தொடங்குவோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும், வேலைத்தளத்தில் பெண்களை மரியாதையாக அழைக்க வேண்டும் என்பதை நிர்வாகத்துடன் பேசும் விடயங்களில் ஒன்றாகச் சேர்க்கட்டும். சம்பளத்தைக் கேட்பது போலவே இதையும் கேட்போம். வீட்டில் பெற்றோர் ஒருவரை ஒருவர் ஏசாமல் பேசிக் காட்டட்டும். வகுப்பில் நாங்கள் மேசையும் நாற்காலியும் போட்டு, அலுவலகத்தில் பேசும் விதத்தைப் பழக்கத் தொடங்கியிருக்கிறோம். வணக்கம் சொல்வது, வந்த காரியத்தைத் தெளிவாகச் சொல்வது, புரியாவிட்டால் திரும்பக் கேட்பது, முடிந்ததும் நன்றி சொல்வது. இதில் எந்த இடத்திலும் தலை குனிய வேண்டியதில்லை.

சான்றிதழை வாங்க அந்தத் தாயும் மகனும் அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். செருப்போடு உள்ளே போய், வணக்கம் சொல்லி, நாற்காலியில் உட்காரும்படி அவனிடம் சொல்லியிருக்கிறோம். முதலில் அம்மாவை உட்கார வைக்கச் சொல்லியிருக்கிறோம்.