நோய் தாங்கும் நெல்லும் குடியானவர் பங்கும்

நெற்பயிருக்கு வரும் நோய்களுள் குலைநோயைப்போல் குடியானவரை ஏமாற்றுவது வேறொன்றில்லை. தூர் கட்டும் காலத்தில் செழிப்பாயிருந்த பயிரும், கதிர் வெளிவந்தபின் கழுத்துக் கறுத்து ஒடிந்து, களத்தில் பதராய் முடியும்போதுதான் நஷ்டத்தின் முழு அளவு தெரியவருகிறது. இரவில் குளிர்ச்சியும், விடிந்து நெடுநேரம்வரை இலைமேல் பனியும் தங்கும் மார்கழி, தை மாதங்களில், இதற்குக் காரணமான பூசணம் காற்றின் வழியே விரைந்து பரவும். தழைச்சத்து உரத்தை அளவுக்கு மிஞ்சி இட்ட வயலில் அதன் வேகம் இன்னும் அதிகம். சங்கராபரணி பாயும் வில்லியனூர்ப் பக்கத்துச் சம்பாக்காரருக்கும், பெண்ணையாற்று நீரைப் பங்காரு வாய்க்கால் வழியே பெறும் பாகூர் ஏரிப் பாசனத்தாருக்கும் இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மருந்து தெளித்தல் ஒரு பரிகாரமே; ஆயினும் ஒவ்வொரு பட்டத்திலும் செலவு திரும்ப வருகிறது. நோயைத் தாங்கும் குணம் விதையிலேயே அமைந்திருந்தால் அச்செலவில் பெரும்பகுதி மிஞ்சும். அத்தகைய விதையை உண்டாக்கும் வேலை ஆராய்ச்சி நிலையத்தாருடையது மட்டுமே என்று எண்ணுவது தவறு என்பதும், தொடக்கத்திலேயே குடியானவர் அதில் கலந்துகொள்ளவேண்டும் என்பதும் எமது அபிப்பிராயம்.

இது புதுமையான கொள்கையன்று. கோயமுத்தூரில் 1912-லும், ஆடுதுறையில் 1922-லும் நெல் ஆராய்ச்சி நிலையங்கள் ஏற்பட்டபோது, அங்கிருந்த நிபுணர்கள் முதலிற் செய்த காரியம் குடியானவர் வயல்களில் வழங்கிய நெல்வகைகளைச் சேகரித்ததே. ஆனைக்கொம்பனிலிருந்து பொறுக்கியெடுத்த கோ 4 என்னும் நெல் குலைநோயைத் தாங்குவதாகக் காணப்பட்டது. அதனை ஆடுதுறை 10-உடன் ஒட்டிப் பிறப்பித்ததே கோ 25. திருவள்ளூரை அடுத்த திரூர்க்குப்பம் நிலையத்தில் உருவான டி.கே.எம். 6 என்னும் நெல்லின் வழியாகவே, 1969-ல் பிலிப்பைன்ஸ் தேசத்தில் வெளியிடப்பெற்ற ஐ.ஆர். 20-க்குப் பாக்டீரியா இலைக்கருகலைத் தாங்கும் குணம் கிடைத்தது. ஆகவே நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாய்ப் பொறுக்கிக் காத்த விதையே ஆராய்ச்சியின் மூலதனம். மூலதனம் இட்டவரைக் கடைசியில் விதை வாங்குவோராக மட்டும் நிறுத்திவைப்பது நியாயமாகாது.

நியாயம் ஒருபுறமிருக்க, பிரயோஜனத்தை நோக்கினும் இதுவே முடிவு. நோய் தாங்கும் நெல் என்று வெளியிடப்படுபவை யாவும் வயலில் நிலைப்பதில்லை. சோறு குழைந்தாலும், வைக்கோலை மாடு தின்னாவிட்டாலும், வியாபாரி விலையைக் குறைத்தாலும் குடியானவர் அந்நெல்லைக் கைவிட்டு, நோய்க்கு இளகிய பழைய நெல்லுக்கே திரும்புகிறார். பி.பி.டி. 5204 என்னும் சம்பா மசூரி இலைக்கருகலுக்கு எளிதில் இரையாவது. எனினும் அதன் அரிசிக்காகவே ஜனங்கள் அதை விட மறுத்தனர். இதையறிந்த ஐதராபாத் நிபுணர்கள், அதன் அரிசிக் குணத்தை மாற்றாமல், நோய் தாங்கும் மூன்று ஜீன்களை மட்டும் அதிற் சேர்த்து, 2008-ல் மேம்படுத்திய சம்பா மசூரியாக வெளியிட்டனர். குடியானவர் எதை விடமாட்டார் என்பதை முதலில் அறிந்துகொண்டமையே இங்கு வழிகாட்டியாயிற்று.

குடியானவருக்குப் பொறுக்கும் திறமை உண்டோ என்று ஐயுறுவோர், மகாராஷ்டிரத்தில் சந்திரபூர் ஜில்லா நாந்தேட் கிராமத்தவரான தாதாஜி கோப்ரகடேயை நினைப்பாராக. சொற்ப நிலமே உடைய அவர், தம் வயலில் வித்தியாசமாய் நின்ற கதிர்களைப் பொறுக்கி, ஆண்டுதோறும் தனியே விதைத்து உண்டாக்கிய எச்.எம்.டி. நெல் பல மாகாணங்களிற் பரவிற்று. ராஞ்சியிலோ கலிங்கா 3, ஐ.ஆர். 64 ஆகியவற்றின் கலப்புச் சந்ததியிலிருந்து, குடியானவரையும் தேர்வில் சேர்த்துக்கொண்டு, அசோகா என்னும் மானாவாரி நெல்வகைகள் உருவாக்கப்பட்டன. சீனத்து யுன்னான் மாகாணத்தில் ஆயிரக்கணக்கான குடியானவர், நோய்க்கு இளகிய நெல்லையும் தாங்கும் நெல்லையும் வரிசை கலந்து நட்டனர். இளகிய நெல்லில் குலைநோய் 94 சதவிகிதம் குறைந்ததாக 2000-ஆம் ஆண்டில் வெளியான அறிக்கை கூறுகிறது.

கடைசியிற் சொன்னது நம் கவனத்திற்குரியது. பூசணமும் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். ஒரே நெல்லை ஊரெல்லாம் பயிரிட்டால், அதன் தடையை மீறும் பூசண வகை சில ஆண்டுகளில் தலைதூக்கும். ஆகையால் நமக்கு வேண்டியது ஒரு நெல்லன்று. அந்தந்த ஏரிப் பாசனத்திற்கு இசைந்த பல நெல்வகைகள்.

செய்யவேண்டியது யாதெனில், வெளியிடுவதற்கு முன்நிலையிலுள்ள பத்துப் பன்னிரண்டு வகைகளை, இலாகாவினர் வில்லியனூரிலும் பாகூரிலும் இசைந்த குடியானவரிடம் ஒப்புவிக்கவேண்டும். ஒவ்வொருவரும் பத்துக் குழி நிலத்தில், தாம் வழக்கமாய் இடும் நெல்லையும் பக்கத்தில் வைத்து, தம் உரம், தம் தண்ணீர் கொண்டே விளைவிக்கவேண்டும். நாற்று, தூர், கதிர், அறுவடை என நான்கு பருவங்களிலும் ஊரார் கூடிப் பார்வையிட்டு, நோயுற்ற கதிர்களை எண்ணிக் குறிக்கவேண்டும். பிறகு அரிசியைச் சமைத்துப் பெண்டிர் அபிப்பிராயத்தையும் கேட்டல் அவசியம். சோற்றின் குணத்தைத் தீர்மானிப்பவர் அவர்களே.

குடியானவர் வயல் மேடுபள்ளமானது, கணக்குத் துல்லியமாய் இராது என்று உத்தியோகஸ்தர் சிலர் ஆக்ஷேபிப்பர். ஒரு வயலின் கணக்கு பிசகலாம். பல வயல்களில் ஒருமுகமாய்த் தெரிவது எளிதிற் பிசகாது. மேலும், நெல் கடைசியில் விளையவேண்டியது அந்த மேடுபள்ளத்தில்தான். நஷ்டத்தை யார் ஏற்பது என்று மிராசுதார் கேட்பர். அது தக்க கேள்வியே. பரீட்சைக்கு விட்ட குழிகளில் மகசூல் குறைந்தால், பக்கத்து விளைச்சலைக் கணக்கிட்டு இலாகாவே ஈடுசெய்வதாக முன்னதாக எழுதிக்கொடுக்கவேண்டும். பொதுநன்மைக்கான பரீட்சையின் பளுவை ஒரு குடும்பத்தின்மேல் சுமத்தலாகாது.

உரிமையையும் மறத்தல் கூடாது. பயிர்வகைகள் பாதுகாப்பும் குடியானவர் உரிமைகளும் பற்றிய 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குடியானவர் தம் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், மாற்றிக்கொள்ளவும், வணிகக் குறியிட்ட விதையாக அல்லாமல் விற்கவும் உரிமையுண்டு. தாம் உண்டாக்கிய வகையைத் தம் பெயரிற் பதிவுசெய்யவும் இடமுண்டு. நிபுணரும் ஊராரும் கூடிப் பொறுக்கிய நெல்லாயின், அதில் இருவர் பங்கும் இன்னதென்று வேலை தொடங்குமுன்பே உடன்படிக்கை எழுதிக்கொள்வது உத்தமம்.

கிராம உத்தியோகஸ்தர் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. தத்தம் கிராமத்தில் இன்னும் பழைய நெல்வகைகளை வைத்திருப்போர் யாவர், எவ்வயலில் குலைநோய் ஆண்டுதோறும் காண்கிறது, எவ்வயல் அதற்குத் தப்புகிறது என்று ஒரு ஜாபிதா எழுதி, அருகிலுள்ள உழவர் உதவியகத்தில் சேர்ப்பாராயின், அதுவே இவ்வேலைக்கு முதற்படியாகும். மிராசுதார்களும் இச்சம்பாப் பட்டத்தில், நோயுற்ற வயலின் நடுவே பழுதின்றி நிற்கும் கதிர்களைக் கண்டால், அவற்றை மற்ற நெல்லோடு கலந்து அடித்துவிடாமல், அடையாளமிட்டுத் தனியே அறுத்து, உலர்த்தி, விளைந்த வயலின் விவரத்தோடு வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.