தலைக்கவசத்தில் கம்பெனி, சம்பளத்தில் மேஸ்திரி

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் குற்றாலத்தில் கொண்டாட்டம். அருவிக்கரையில் கால் வைக்க இடமிராது. விடுதிகளில் அறை கிடைக்காது. அதே சாரலில், தென்காசிச் சுற்றுவட்டாரத்துக் கொத்தனாருக்கும் கையாளுக்கும் வேலை கெடுகிறது. ஆரியங்காவு வழியே புனலூர், கொல்லம் போய்ப் பிழைக்கலாமென்றால், அங்கே மழை இங்கைவிடப் பலம். என்ன செய்வார்கள்? முன்பணத்தோடு வரும் மேஸ்திரியின் பின்னால், சென்னைக்கோ பெங்களூருக்கோ, பெரிய கம்பெனி வேலைக்கு மூட்டை கட்டுகிறார்கள்.

இத்தகையவர்கள் இடம்பெயர மறுக்கிறார்களாம்! நலத்திட்டங்கள் கிடைப்பதே காரணமாம்! 2025 பிப்ரவரியில் சென்னை மாநாடு ஒன்றில் இப்படிக் குறைபட்டவர், லார்சன் அண்டு டூப்ரோ தலைவர் எஸ். என். சுப்பிரமணியன். அதற்கு முந்தைய மாதந்தான், வாரம் 90 மணி நேரம் உழைக்கும்படியும், வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் தம் அலுவலகத்தாரிடம் அவர் பேசியது நாடெங்கும் பரவிற்று. மனைவி முகத்தைப் பார்க்கப் பொங்கல்வரை காத்திருக்கும் கொத்தனாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டாரே, அதுவரை மகிழ்ச்சி.

ஆண்டுக்கு மூன்று நான்கு முறை தொழிலாளர் மாறிப்போகிறார்கள் என்றும் அவர் சொன்னார். ஏன் மாறுகிறார்கள்? அந்த ஒரு கம்பெனியை மட்டும் வைத்து நாம் பேசவில்லை. பெருங்கம்பெனிகள் பலவற்றின் முறையைப் பேசுகிறோம். கம்பெனி வேலையை எடுக்கிறது. அதில் ஒரு பகுதி துணை ஒப்பந்தக்காரருக்கு. அதில் ஒரு துண்டு மேஸ்திரிக்கு. தலைக்கவசத்தில் கம்பெனியின் பெயர், மார்பில் தொங்கும் அட்டையில் கம்பெனியின் பெயர். சம்பளம் மட்டும் மேஸ்திரி கையில்! பில் பாஸாகவில்லை என்பார் மேஸ்திரி. துணை ஒப்பந்தக்காரர் கம்பெனியைக் காட்டுவார். கம்பெனியோ ஒப்பந்தக் காகிதத்தைக் காட்டும். தகரக் கொட்டகையில் படுத்திருப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்?

கவசமும் இடைவாரும் பெருங்கம்பெனித் தளத்தில் உண்டு; ஊர்க் கட்டடத்தில் சாரத்தின்மேல் வெறுங்காலோடு நிற்பவருக்கு அவை இல்லை. மறுக்கவில்லை. ஆனால் உயிருக்குக் காவல் தந்துவிட்டதாலேயே கூலிக்குப் பொறுப்பில்லை என்றாகிவிடுமா?

ஒப்பந்தக்காரர் கூலி தரத் தவறினால் முதன்மை வேலையளிப்பவர் தரவேண்டும் என்பது 1970-ஆம் ஆண்டுச் சட்டம் முதலே உள்ள விதி. புதிய தொகுப்புச் சட்டமும் அதை வைத்திருக்கிறது. ஆனால் 2025 நவம்பர் 21-இல் அது நடைமுறைக்கு வந்தபோது, 20 ஒப்பந்தத் தொழிலாளர் என்றிருந்த வரம்பு 50 ஆகிவிட்டது. முப்பது பேரைக் கூட்டிவரும் மேஸ்திரி உரிமம் வாங்க வேண்டாம். யாருக்காக இந்தச் சலுகை?

நல வாரியத்தின் கதையும் இதுதான். கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று தொழிலாளர் நலனுக்கென வசூலாகிறது. பலன் பெறப் பதிவு வேண்டும். பதிவுக்கு, முந்தைய 12 மாதத்தில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்கிறது மத்தியச் சட்டம், 1996-இலும் இன்றும். மூன்று மாதத்துக்கொரு தளம் மாறுகிறவருக்கு அந்த 90 நாளுக்குச் சான்று தருவது யார்? தளத்து வாசலில் அவர் வந்ததும் போனதும் பதிவாகிறது. அதை ஒரு தாளில் எடுத்துக் கையொப்பமிட்டுத் தருவதற்குக் கம்பெனிக்குக் கை வலிக்குமா?

தென்காசிக் கோயிலை எழுப்பிய பராக்கிரம பாண்டியன், அதில் பழுது நேர்ந்தால் செப்பனிடுவோரின் அடி பணிவதாகக் கல்லிலேயே எழுதிவைத்தான். அரசனுக்கே இருந்த அடக்கம் அது. கம்பெனித் தலைவர்கள் அடி பணிய வேண்டாம். கூலியை நேரே தொழிலாளியின் வங்கிக் கணக்கில் போடட்டும், போதும்.

அரசுக்கும் ஒரு சொல். 2019-இல் தனி மாவட்டமான தென்காசியில், பொங்கலுக்கு ஊர் திரும்பும் தொழிலாளர்களுக்காக ஊராட்சிதோறும் பதிவு முகாம் நடத்தலாம். அவர்கள் ஊரில் இருப்பது ஒரு வாரந்தான். அதிகாரிகள் அந்த வாரம் விடுப்பில் போய்விடக் கூடாது.