உப்பு மண்ணுக்கு ஏற்ற பிக்கப்

வேதாரண்யத்தில் பிக்கப் வண்டி பந்தாவுக்கு நிற்பதில்லை. உப்பு மூட்டை, மீன் பெட்டி, முல்லைப்பூ, தேங்காய் என்று ஏதாவது ஒன்றைச் சுமந்துகொண்டே இருக்கும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் இங்கே கரையைக் கடந்தபோது, சாய்ந்த மரங்களும் மின்கம்பங்களும் சாலைகளை அடைத்தன. உள்கிராமங்களுக்கு அரிசியும் தண்ணீரும் கொண்டுபோவதே பெரும்பாடானது. அப்படிப்பட்ட நாளில், சேற்றிலும் மணலிலும் போய்த் திரும்பக்கூடிய வண்டி ஒன்று ஊரில் இருப்பது ஆடம்பரம் அல்ல.

வண்டியை 'ஆஃப் ரோடு' ஆக்கலாம் என்றதும் பலருக்கும் முதலில் தோன்றுவது, உயரத்தை ஏற்றுவதும் கூரையில் விளக்கு வரிசை மாட்டுவதும்தான். இந்த ஊர் மண்ணுக்கு அவை கடைசி வேலை.

முதல் செலவு டயருக்கு. ஆழமான பட்டைகள் கொண்ட ஆல் டெரெய்ன் டயர் போதும். அதைவிட முக்கியம் காற்று. சரக்கு இல்லாத வண்டியில், சாலையில் 35 பி.எஸ்.ஐ. வைப்பவர்கள் மணலில் 20 வரை குறைக்கலாம். டயர் பரந்து படிவதால் மண்ணில் புதையாது. 2007-ல் ஐஸ்லாந்தின் ஆர்க்டிக் டிரக்ஸ் நிறுவனம் மாற்றியமைத்த டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகள் வடதுருவப் பனியில் ஓடியதற்கும் அகலமான டயர்களே பெரிய துணை. தார்ச்சாலை ஏறுமுன் காற்றைத் திரும்ப நிரப்ப வேண்டும். அதற்குச் சின்ன கம்ப்ரஸர் ஒன்று வண்டியிலேயே இருக்கட்டும்.

பிக்கப்பின் பலவீனம் பின்பக்கம். சரக்கு இல்லாவிட்டால் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு இருக்காது. சேற்றில் சும்மா சுழலும். பின்னால் நாலைந்து மணல் மூட்டைகளைக் கட்டிவைத்தால் வித்தியாசம் தெரியும். ஃபோர் வீல் டிரைவ் வேண்டுமென்றால் இசுசு வி-க்ராஸ், ஹைலக்ஸ் போல கம்பெனியிலேயே அந்த வசதியுடன் வரும் வண்டியை வாங்குவது நல்லது. பிறகு மாற்றுவது செலவும் சிக்கலும்.

மாட்டிக்கொண்டால் வெளியே எடுக்க, சேஸிஸில் உறுதியாகப் பூட்டிய கொக்கி, நல்ல இழுகயிறு, மண்வெட்டி வேண்டும். வெறும் பம்பரில் கயிறு கட்டி இழுத்தால் பம்பர் பிய்ந்து பறக்கும். சக்கரத்தின் அடியில் போட, நம் ஊர்த் தென்னை மட்டையை மிஞ்ச ஆளில்லை.

வெள்ள நீரில் இறங்க ஸ்நார்கெல் மட்டும் போதாது. ஓடிச் சூடான ஆக்ஸில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிவிடும். ஆக்ஸிலின் பிரீதர் குழாயை உயரத்துக்கு நீட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நீரைத் தாண்டியபின் ஆயில் பால் நிறமாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஆகியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

இங்கே நிஜமான எதிரி உப்பு. அகஸ்தியன்பள்ளி உப்பளப் பாதையில் போய்வந்த வண்டியின் அடிப்பகுதியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். சேஸிஸின் வடிகால் துளைகளில் சேறு அடைத்திருக்கக் கூடாது. கழுவி, நன்றாகக் காயவிட்ட பிறகே துருத்தடுப்புப் பூச்சு. ஈரத்தின் மேல் பூசினால் உப்பு உள்ளேயே தங்கி இரும்பைத் தின்னும்.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் கம்பெனி தந்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்னால் மாட்டும் இரும்புக் கம்பிகளை மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடைசெய்துவிட்டது. எந்த வேலையானாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கோடியக்கரை சரணாலயத்துக்குள் சோதனை ஓட்டம் வேண்டாம். அது வெளிமானும் பூநாரையும் வாழும் இடம். சொந்த வயல், தோப்புப் பாதையிலேயே பழகிக்கொள்ளலாம். ஐப்பசி மழைக்குமுன் டயர், கயிறு, பிரீதர் மூன்றையும் முடித்துவிட்டால், இந்தப் பருவத்துக்கு வண்டி தயார்.