படுக்கையில் இருப்பவரின் வாயை யார் துலக்குவது?

மிஸ்வாக்கின் சிறப்பைப் பேசாத பயான் மேடை அரிது. சமுதாயத்திற்குச் சிரமமாகிவிடும் என்ற அச்சம் இல்லாதிருந்தால், நபி (ஸல்) அவர்கள் ஒவ்வொரு தொழுகையின்போதும் பல் துலக்குவதைக் கட்டளையாகவே ஆக்கியிருப்பார்கள் என்பதை மக்தபில் ஓத வரும் ஏழு வயதுப் பிள்ளையும் அறியும். உம்ரா சென்று திரும்புவோர் பேரீச்சம்பழத்தோடும் ஸம்ஸம் நீரோடும் அக்குச்சிகளையும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து உறவினருக்குப் பங்கிடுகின்றனர். (அதே மரம் நம் கோடியக்கரைக் காட்டிலும் உகா என்ற பெயரில் வளர்ந்து நிற்பதைப் பலர் அறியார்.) இவை யாவும் நல்லவையே. ஆயினும் இந்தச் சுன்னத்தோடு தொடர்புடைய ஒரு நிகழ்வை மட்டும் நாம் கண்ணீர் மல்கக் கேட்டுவிட்டு, அதிலுள்ள பாடத்தைப் பள்ளிவாசலிலேயே விட்டுவிட்டு வீடு திரும்புகிறோம்.

நபி (ஸல்) அவர்களின் இறுதி நேரம் அது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் மீது சாய்ந்திருந்தார்கள். அன்னையின் சகோதரர் அப்துர் ரஹ்மான் (ரலி) கையில் மிஸ்வாக்குடன் உள்ளே வந்தார். நபியவர்களின் பார்வை அக்குச்சியின் மீது படிந்தது. அன்னை அதை உணர்ந்து, வேண்டுமா என வினவ, தலையசைத்தார்கள். குச்சி கடினமாக இருந்தமையால் அன்னை அதைத் தம் பல்லால் மென்று மென்மையாக்கிக் கொடுத்தார்கள். புகாரீயில் பதிவாகியுள்ள செய்தி இது. நோயாளி வாய் திறந்து கேட்கவில்லை. பார்த்தார்கள், அந்தப் பார்வையைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தார்.

நம் வீடுகளுக்கு வருவோம். பக்கவாதத்தால் படுத்துவிட்ட உம்மாவுக்காகக் கட்டிலைக் கிப்லா நோக்கித் திருப்பிப் போடுகிறோம். தயம்மும் செய்யத் தலைமாட்டில் மண் வைக்கிறோம். மாத்திரை வேளை தவறுவதில்லை; உடலைத் துடைக்கிறோம், ஆடை மாற்றுகிறோம். வாயை மட்டும் எவரும் திறந்து பார்ப்பதில்லை. காலையில் கொடுத்த கஞ்சி மாலைவரை கன்னத்தின் உட்புறம் ஒட்டிக்கொண்டிருக்கும். நாக்கில் வெண்மையாகப் படிந்திருக்கும். இரத்த அழுத்தம், மனநலம், ஒவ்வாமை முதலியவற்றுக்கான பல மருந்துகள் உமிழ்நீரைக் குறைப்பவை. ஆகவே வாய் தானே கழுவிக்கொள்ளும் ஆற்றலையும் இழந்திருக்கும். துர்நாற்றத்தால் பேரப் பிள்ளைகள் விலகிச் செல்வர். அதை உணர்ந்துகொள்ளும் முதியவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். நாமோ முதுமை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இது நாற்றத்தோடு முடிகிற காரியமும் அன்று. நாம் உறங்கும்போது உமிழ்நீர் சிறிதளவு மூச்சுக்குழாய்க்குள் நழுவுவதுண்டு; நலமாக இருப்பவரின் உடல் அதை வெளியேற்றிவிடும். பக்கவாதத்தாலும் மூப்பாலும் விழுங்கும் திறனும் இருமும் வலுவும் குன்றியவருக்கு, வாயில் பெருகிய கிருமிகள் அந்த உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக மாறுகின்றன. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டாண்டுகள் நடத்திய ஆய்வொன்று 2002இல் வெளியானது. ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளர் பல் துலக்கிவிட்ட முதியோரில் 11 விழுக்காட்டினருக்கு நிமோனியா கண்டது. அப்பராமரிப்பு இல்லாதோரில் அது 19 விழுக்காடு. இறுதியில் நெஞ்சுச் சளி கட்டி இறந்துவிட்டார் என்று நாம் சொல்லி முடிக்கும் மரணங்களுள், வாயிலிருந்து தொடங்கியவை எத்தனையோ! ஆயுள் அல்லாஹ்வின் நாட்டம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மாத்திரையை வேளை தவறாமல் கொடுக்கும்போதும் அந்த நம்பிக்கை நம்மிடம் இருக்கத்தானே செய்கிறது?

"பல்லே இல்லை, எதைத் துலக்குவது?" என்று கேட்போர் உண்டு. ஈறும் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் கிருமிகள் தங்கும் இடங்களே. பல் செட் அணிபவராயின் இரவில் அதைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, நீரில் இட்டு வைத்தல் வேண்டும். அணிந்தபடியே உறங்க விடுவது தீங்கு.

சர்க்கரை நோய் இருந்தால் கவலை இரட்டிப்பாகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் இருப்பதாகக் கணித்தது. நம் வீடுகளில் இது இல்லாத வீட்டைத் தேடித்தான் காண வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு புண்படும். ஈறு புண்பட்டால் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவது கடினமாகும். இன்சுலின் அளவை ஏற்றிக்கொண்டே போகும் குடும்பம் ஈறில் கசியும் இரத்தத்தைக் கவனிப்பதில்லை.

இதை யார் செய்வது? பெரும்பாலான வீடுகளில் இவ்வேலை மருமகளின் தலையில் விழுகிறது. மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகள்மீது மார்க்கம் விதித்த கடமையன்று. அவள் செய்தால் அது அவளது உபகாரம். கடமை பெற்ற பிள்ளைகளுடையது. உள்ளூரில் இருக்கும் மகன் இஷாவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கட்டும். குவைத்திலோ சிங்கப்பூரிலோ இருப்பவர், "மாத்திரை போட்டீங்களா உம்மா?" என்று கேட்கும் அதே அழைப்பில், இன்று வாய் துலக்கிவிட்டது யார் என்றும் கேட்கட்டும்.

முறை எளியது. தலையணை வைத்து நன்றாகச் சாய்த்து அமர்த்த வேண்டும். இயலாவிடில் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். மல்லாந்த நிலையில் வாயில் நீர் ஊற்றலாகாது. குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ், மிகச் சிறிதளவு ஃபுளூரைடு பற்பசை, ஒரு கிண்ணம், நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணி ஆகியவை போதும். பல்லையும் ஈறையும் மெதுவாகத் தேய்த்து, நாக்கைத் துடைத்து, நுரையைத் துணியால் எடுத்துவிட்டு, உதட்டில் சிறிது வாஸ்லின் தடவலாம். நாளுக்கு இருமுறை, அவற்றுள் ஒன்று உறங்கும் முன் அமைவது நன்று. குச்சியால்தான் செய்ய வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. அழுக்கை அகற்றும் சொரசொரப்பான எப்பொருளாலும் இச்சுன்னத் நிறைவேறும் என ஷாஃபிஈ மத்ஹபின் நூல்களே கூறுகின்றன. புண்பட்ட ஈறில் முரட்டுக் குச்சி இரத்தம் வரவழைக்கும். ஆறாத புண், வெண்படலம், விழுங்குகையில் புரையேறுதல் இவற்றுள் எது தென்பட்டாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

நோயாளியை நலம் விசாரிக்கச் செல்வோர் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிச் செல்கிறோம். மெல்லவும் விழுங்கவும் முடியாதவரின் தலைமாட்டில் அவை அடுக்கப்பட்டுக் கிடக்கின்றன. அடுத்தமுறை மென்மையான பிரஷ் ஒன்றை வாங்கிச் சென்று, மருமகளிடம் அல்லாமல் மகனின் கையில் கொடுப்போம்.